இரண்டரை லட்ச ரூபாய்ப் படுக்கை

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சுண்டல் வரும் வரை நீங்கள் எல்லோரும் பொறுமையாக உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்.

நாங்கள் அமெரிக்கா போய்த் திரும்பியதிலிருந்து லிஃப்டில் என்னைப் பார்ப்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்ன சார், பிசினஸ் கிளாஸாமே, எப்படி இருந்தது?" மூன்றாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. "நல்லா இருந்தது" என்று சொல்லி இறங்கிவிடுவேன். செயலாளர்தான் விடவில்லை. "எல்லோருக்கும் சேர்த்து ஒரு தடவை சொல்லிவிடுங்கள்" என்றார். அதனால் வந்தேன்.

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த வகுப்பில் பறந்தது ஒரு வழியில், சுமார் 14 மணி நேரம் மட்டுமே. போக வர முழுவதும், கிட்டத்தட்ட 40 மணி நேரம், அதில் பறந்தவர் என் மனைவி. அவர் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் ஏதாவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் திருத்துவார்.

ஏன் வாங்கினோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2019-ல் மகளைப் பார்த்துவிட்டு டல்லாஸிலிருந்து திரும்பினோம். அப்போது இருவருமே எகானமி. என் மனைவிக்கு உயரம் 5 அடி. அந்த இருக்கையில் உட்கார்ந்தால் கால் தரையில் சரியாக ஊன்றாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டுமே என்று நீண்ட விமானத்தில் ஒரே ஒரு முறைதான் எழுந்தார். அடிக்கடி எழ வேண்டி வரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. சென்னை வந்த மூன்றாம் நாள் இடது கால் கெண்டைச் சதை வீங்கிச் சிவந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஆழத்தில் உள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. கடவுள் புண்ணியத்தில் சரியாயிற்று.

அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பயணம் என்ற பேச்சே வீட்டில் இல்லை. போன வருடம் பேத்திக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் என்று மகள் சொன்னாள். தேதி குறித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று. என் மனைவி சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க. நான் வீடியோவில் பார்த்துக்கறேன்." கால் வலி, வீட்டைப் பூட்டிப் போட முடியாது, துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று காரணங்கள் வந்தன. பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லவில்லை. ஏ பிளாக் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவர் வழியாக என் காதுக்கு வந்தது.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். "தாராளமாகப் போகலாம், ஆனால் நான் சொல்கிறபடி போக வேண்டும்" என்றார். அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். மகள் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். அவள் பணத்தில் வேண்டாம் என்று நான் மூன்று வாரம் பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் என் வைப்புத் தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறித்தேன். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் "உடைக்காதீங்க சார், வட்டி நஷ்டம்" என்று சொல்லியிருக்கிறேன்! இப்போது எனக்கு அதே வரியை ஒரு இளம்பெண் சொன்னாள். கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இனி அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். வணிகவியல் படித்தவன், கணக்கைச் சொல்லாமல் விட மாட்டேன்.

இந்த வகுப்பு ஆதிகாலத்திலிருந்து இருந்ததில்லை. விமானத்தில் முதல் வகுப்பு, சாதாரண வகுப்பு என்று இரண்டுதான் பல காலம் இருந்தது. 1970-களில் சாதாரண வகுப்பில் தள்ளுபடி டிக்கெட்டுகள் பெருகின. கம்பெனி வேலையாகக் கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்து ஏறியவருக்குப் பக்கத்திலேயே, அதில் பாதிகூடக் கொடுக்காத சுற்றுலாப் பயணி உட்கார்ந்திருப்பார். முழுக் கட்டணம் கொடுத்தவர்களுக்கு வருத்தம் வராதா? அவர்களைத் தனியாக உட்கார வைக்கத்தான் 1978, 79-ல் பான் அம், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ் போன்ற நிறுவனங்கள் நடுவில் ஒரு வகுப்பைக் கொண்டுவந்தன. குவாண்டாஸ் 1979-ல் அதற்கு 'பிசினஸ் கிளாஸ்' என்றே பெயர் வைத்தது. அப்போது அது கொஞ்சம் அகலமான நாற்காலி, அவ்வளவுதான். காலை நீட்டி முழுவதும் தட்டையாகப் படுக்கிற வசதி இந்த வகுப்பில் வந்தது 2000-ல், பிரிட்டிஷ் ஏர்வேஸில். இன்று நெடுந்தூர விமானங்கள் பலவற்றில் அது இருக்கிறது. கதவு வைத்த இருக்கைகளும் வந்துவிட்டன.

விலை ஏன் இவ்வளவு? இடம்தான் காரணம். எகானமியில் ஒரு இருக்கையின் முதுகிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை சுமார் 31 அங்குலம். அகலம் 17, 18 அங்குலம். படுக்கை என்றால் ஆறு, ஆறரை அடி நீளம் வேண்டும். ஒருவர் படுக்கிற இடத்தில் மூன்று நான்கு பேரை உட்கார வைத்துவிடலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நெடுந்தூரத்துக்கு ஓட்டும் ஏ350-900 விமானம் ஒன்றில் 253 இருக்கைகள். அதே நிறுவனம் 2018-லிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கிற அதே ரக விமானத்தில் 161 இருக்கைகள்தான். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. நம் கட்டடத்தில் ஒரு பிளாக்கை இடித்துவிட்டுப் பூங்கா வைத்தால் மீதி வீடுகளின் பராமரிப்புக் கட்டணம் என்ன ஆகும்? அதே கணக்குதான்.

எனக்கு எகானமியில் போக வர 1,20,000 ரூபாய். மனைவிக்கு பிசினஸில் 3,80,000. வித்தியாசம் 2,60,000. ஆகாயத்தில் இருக்கும் 40 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 6,500 ரூபாய். நம் ஊரில் ஒரு நல்ல ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கலாம். வரியையும் மறக்காதீர்கள். எகானமிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மற்ற வகுப்புகளுக்கு நான் வாங்கியபோது 12. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்.

ஏன் இருவருக்கும் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். மனைவியும் கேட்டார். "எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது" என்றேன். சிக்கனம் என்று நினைத்துச் சொன்னேன். அது எவ்வளவு அரைகுறைச் சிக்கனம் என்று பிறகு தெரிந்தது.

பயண நாள். சென்னையில் விடிகாலை 4 மணிக்கு விமானம். தோஹாவில் மாறி டல்லாஸ். செக்-இன் கவுண்டரில் பிசினஸுக்குத் தனி வரிசை. லவுஞ்சுக்குப் போகலாம் என்று வழி காட்டினார்கள். அது அவருக்கு மட்டும்தான், எனக்குக் கிடையாது. "நீங்க வராத இடத்துல எனக்கென்ன வேலை?" என்று சொல்லிவிட்டார். இருவரும் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டி எடுத்துப் போன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். லவுஞ்சின் சாப்பாடும் சோபாவும் குளியல் அறையும் டிக்கெட் விலையில் அடக்கம். அந்தக் கணக்கு அப்படியே போயிற்று.

தோஹா விமான நிலையத்தின் நடுவில் ஆள் உயரத்தைப் போல நாலு மடங்கு இருக்கும் ஒரு மஞ்சள் கரடி பொம்மை உட்கார்ந்திருக்கும். தலைக்கு மேல் ஒரு விளக்கு. அதன் முன் போட்டோ எடுத்துக்கொண்டோம். பிறகு டல்லாஸ் விமானம், 16 மணி நேரம். வாசலில் பிரிந்தோம். அவர் முன் பக்கம், நான் பின் பக்கம், முப்பத்தெட்டாவது வரிசை, நடு இருக்கை. பிரியும்போது நான் சொன்ன கடைசி வார்த்தை: "தெரியாம எதையும் அழுத்தாதே." ஏ.டி.எம். வாசலிலும், புது வாஷிங் மெஷின் முன்னாலும் முப்பது வருடமாகச் சொல்லி வருகிற வாக்கியம். வாயில் தானாக வந்தது.

காலை 8 மணி சுமாருக்குத் தோஹாவில் ஏறினால், சூரியனும் நம்முடனேயே மேற்கே வருகிறது. டல்லாஸில் இறங்கும்போது அதே நாள் மாலை நாலரை. நம் உடம்புக்கோ மறுநாள் விடிகாலை 3 மணி. நான் இரண்டு பக்கமும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மனசு நிம்மதியாக இருந்தது. முன்னால் அவர் காலை நீட்டித் தூங்குகிறார், ஒவ்வொரு மணிக்கும் 6,500 ரூபாய் சரியாகச் செலவாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டல்லாஸில் அவர் சக்கர நாற்காலியில் வந்தார். முகம் வாடியிருந்தது. தூங்கி எழுந்த முகம் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பிரிஸ்கோவில் மகள் வீட்டுக்குப் போனதும் பேத்தி கேட்டாள், "பாட்டி, பெட்ல நல்லா தூங்கினியா?"

"எந்த பெட்டும்மா?" என்றார்.

விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. 16 மணி நேரமும் அவர் உட்கார்ந்தே வந்திருக்கிறார். அந்த நாற்காலி படுக்கையாகும் என்று தெரியும். எப்படி ஆக்குவது என்று தெரியவில்லை. பக்கத்தில் நாற்காலிப் படம் போட்ட பொத்தான்கள் இருந்தன. நான் அழுத்தாதே என்று சொல்லியிருந்தேன். பணிப்பெண் மூன்று நான்கு முறை வந்து கேட்டிருக்கிறாள், "மேடம், மெத்தை விரிக்கட்டுமா, ஜூஸ் வேண்டுமா, வேறு ஏதாவது?" எல்லாவற்றுக்கும் "நோ, தேங்க்யூ." ஏன்? சில வருடம் முன்பு உள்நாட்டு விமானம் ஒன்றில் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு வாங்கியது அவருக்கு நினைவிருந்தது. இங்கே தடித்த அட்டையில் உணவுப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதில் விலை போடவில்லை. "விலை போடாத மெனு கார்டுன்னா, ரொம்ப விலைன்னுதானே அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார். நான் முன்கூட்டியே பதிவு செய்திருந்த சைவச் சாப்பாடு பெயர் சொல்லி வந்தது. அதை மட்டும் சாப்பிட்டிருக்கிறார். அதற்கு நான் பணம் கட்டியிருப்பேன் என்று தெரியுமாம். மறுபடியும் யாராவது வந்து கேட்பார்களே என்று கதவை மூடிக்கொண்டாராம். விமான நிறுவனத்தின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேண்டாம் என்பவரை யார் வற்புறுத்துவார்கள்?

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அது நேர வித்தியாசத்தால் மட்டும் இல்லை.

அந்த டிக்கெட்டின் நிபந்தனைகளை நான் ஒரு வாரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருந்தேன். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், தேதி மாற்றினால் எவ்வளவு, பெட்டி எத்தனை கிலோ, எல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் உட்காரப் போகிறவருக்கு, "எல்லாம் விலையில் அடக்கம், எதையும் கேட்கலாம்" என்று பத்து நிமிடம் சொல்லத் தோன்றவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

வங்கியில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கவுண்டர் முன்னால் ஒரு அம்மா பாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். ஏதோ கேட்க வாய் எடுப்பார், பின்னால் வரிசையைப் பார்ப்பார், கேட்காமலே போய்விடுவார். கேட்டவர்களுக்கு எல்லாம் நான் செலான் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறேன். கேட்காதவர்களை, "கேட்டால்தானே சொல்ல முடியும்" என்று விட்டிருக்கிறேன். பணி ஓய்வு விழாவில், வாடிக்கையாளர்களிடம் அன்பாக நடந்துகொண்டவர் என்று எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி: கால் வீங்கவில்லை. உட்கார்ந்தே வந்தாலும் டாக்டர் சொன்னதை அவர் ஒன்று விடாமல் செய்திருந்தார். இதை எல்லோரும் கவனியுங்கள், ஏனென்றால் இதற்குப் பணம் தேவையில்லை. ரத்த உறைவை 'எகானமி கிளாஸ் நோய்' என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பெயரே தவறு. பிசினஸ் கிளாஸில் அசையாமல் கிடந்தாலும் வரும். பஸ், ரயில், காரிலும் வரும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயந்துவிடாதீர்கள். அப்படியும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். முன்பு ஒரு முறை வந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், மிக உயரமானவர்கள், 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைவானவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் அந்தக் கடைசிக் கணக்கில் வருவார்கள்.

டாக்டர் சொன்னது இதுதான். முழங்கால் வரை இறுக்கமான மருத்துவக் காலுறை, சரியான அளவில். இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது. உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்குவது. தண்ணீர் குடிப்பது. ஓர இருக்கை வாங்குவது. மாத்திரையோ ஊசியோ தேவையா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. சில விமானங்களில் ஊட்டியை விடக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் மிகவும் வறண்டது. இந்த விஷயத்தில் முன் வகுப்பு, பின் வகுப்பு வித்தியாசம் கிடையாது. எல்லோருக்கும் அதே காற்றுதான்.

அரங்கேற்றம் நன்றாக நடந்தது. சபையில் முதல் வரிசையில் பாட்டி உட்கார்ந்திருந்தார். சலங்கை கட்டியதும் பேத்தி வந்து காலைத் தொட்டு வணங்கியது பாட்டியைத்தான். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன்.

திரும்பும்போது மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்காக அடிக்கடி பறப்பதால் அவளிடம் சேர்ந்திருந்த மைல்களைக் கொடுத்து, டல்லாஸ் முதல் தோஹா வரை என் டிக்கெட்டையும் பிசினஸுக்கு மாற்றிவிட்டாள். பேத்தி தன் பங்குக்கு யூடியூபில் அதே ரக இருக்கையின் வீடியோவைப் போட்டுப் பாட்டிக்கு நான்கு நாள் வகுப்பு எடுத்தாள்.

நடுவில் அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள். விளக்கு அணைத்ததும் நான் படுக்கைப் பொத்தானைத் தேடினேன். முதுகு சாய்கிறது, கால் எழவில்லை. கால் எழுந்தால் முதுகு நிமிர்கிறது. ஐந்து நிமிடம் போராடினேன். இவர் கை நீட்டித் தன் பக்கத்து அழைப்பு மணியை அழுத்தி, பணிப்பெண் வந்ததும், "ப்ளீஸ் ஹெல்ப் மை ஹஸ்பண்ட்" என்றார். அவள் ஒரே பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தாள். நாற்காலி மெதுவாக நீண்டு கட்டிலாயிற்று. மேலே மெத்தை விரித்தாள். நான் தொட்டுத் தொட்டு விட்டதுதான் தப்பு. இவர் ஆரஞ்சு ஜூஸ் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டு வந்து ஏழு மணி நேரம் தூங்கினார். நான் ஐந்து மணி நேரம்.

அந்தத் தூக்கம் பணத்துக்குத் தகுமா? சென்னை வந்த மறுநாள் காலை இவர் வழக்கம்போல் எழுந்து கோலம் போட்டார். 2019-ல் வந்ததும் ஒரு வாரம் படுக்கையில் இருந்தவர் இவர். என் கணக்கில் தகும். இதே பணத்தை, முப்பது வயதில் முதுகு நேராக இருக்கிற ஒருவர் ஷாம்பெயினுக்காகவும் போட்டோவுக்காகவும் கொடுத்தால் என் கணக்கில் தகாது. உடம்பு கேட்கிறதா என்பதுதான் கேள்வி. கேட்கிறது என்றால் கணக்குப் பார்த்துப் பார்த்து மறுக்காதீர்கள். கேட்கவில்லை என்றால் ஓர இருக்கையும் காலுறையும் போதும்.

இனி போகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

ஒன்று. டிக்கெட் எடுக்கும் முன், அந்த விமானத்தில் இருக்கை முழுவதும் தட்டையாகுமா, சரிவாக நிற்குமா, வெறும் சாய்வு நாற்காலியா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பெயர் பிசினஸ் கிளாஸ்தான். விமான ரகம் கடைசி நேரத்தில் மாறவும் கூடும்.

இரண்டு. நாலரை மணி நேரத் துண்டுக்கு எகானமி, நீண்ட துண்டுக்கு மட்டும் பிசினஸ் என்று கலந்து விலை கேட்டுப் பாருங்கள். சில சமயம் நன்றாகக் குறையும்.

மூன்று. குறைந்த விலை பிசினஸ் டிக்கெட் சிலவற்றில் லவுஞ்ச் கிடையாது, இருக்கை தேர்வுக்குத் தனிப் பணம், ரத்து செய்தால் பெரும் தொகை போகும். நிபந்தனையைப் படியுங்கள்.

நான்கு. முழு விலை கொடுத்துத்தான் ஏற வேண்டும் என்றில்லை. பிள்ளைகளின் மைல்கள், கிரெடிட் கார்டு புள்ளிகள், பயணத்துக்குச் சில நாள் முன்பு சில நிறுவனங்கள் ஏலம் போல விலை கேட்டு இருக்கை கொடுப்பது, செக்-இன் நேரத்துச் சலுகை, இப்படி வழிகள் உண்டு. ஆனால் மிகக் குறைந்த விலை எகானமி டிக்கெட்டுகளை மாற்ற விடமாட்டார்கள். முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து. சக்கர நாற்காலி உதவிக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் பிசினஸ் கிளாஸ் தேவையில்லை. நெடுந்தூர விமானங்களில் எகானமியிலும் கேட்டுப் பெறலாம். நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள். சாப்பாட்டை 24 மணி நேரத்துக்கு முன்னால் பதிவு செய்யுங்கள். நம் ஊர்க் காரசாரமான சைவத்துக்குக் குறியீடு 'ஏ.வி.எம்.எல்.' ஏ.வி.எம். ஸ்டுடியோவோடு ஒரு எல் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு. படுக்கும்போது பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போடுங்கள். கீழே இருந்தால், விமானம் குலுங்கும்போது போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க எழுப்புவார்கள்.

ஏழாவதுதான் முக்கியம். தனியாக உட்காரப் போகிறவருக்கு முன்னதாகச் சொல்லிக் கொடுங்கள். கணவனோ மனைவியோ, ஊரிலிருந்து முதல்முறை வருகிற சம்பந்தியோ, யாராக இருந்தாலும். நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

அதற்காக ஒரு அட்டை எழுதினேன். தமிழில் எட்டு வரி. 'சாப்பாடு, பானம், மெத்தை, போர்வை எல்லாம் டிக்கெட் விலையில் அடக்கம். எதற்கும் காசு கேட்க மாட்டார்கள். படுக்கைப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்கவும். புரியாவிட்டால் மணியை அடித்துக் கூப்பிடவும், அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.' இப்படிப் போகும். அடியில், பணிப்பெண்ணிடம் காட்டுவதற்கு ஒரு ஆங்கில வரி: 'எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும், தயவுசெய்து படுக்கையைப் போட்டுக் கொடுங்கள்' என்று. என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு ஒன்பதாவது வரி ஒன்றைத் தன் கையெழுத்திலேயே சேர்த்தார். 'எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்கலாம்.'

இருபது நகல் எடுத்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் நிபந்தனை புரியவில்லை என்றால் மாலை நடைப்பயிற்சியின்போது என்னைப் பிடியுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கி நின்றாலும் இனிமேல் நானே வந்து கேட்பேன்.

சுண்டல் வந்துவிட்டது.